நார் எரியாது, பசை எரியும்

30 நிமிடம் தீயைத் தடுத்து நிற்கும் என்று நம்பி மாட்டிய கதவு அது. சோதனை உலையில் பொருத்திச் சூடேற்றியபோது 15 நிமிடத்திலேயே தோற்றுப்போனது.

லண்டனின் கிரென்ஃபெல் டவரிலிருந்து சேதமில்லாமல் கழற்றி எடுத்துவந்த வீட்டு வாசல் கதவு. 2017 ஜூன் 14 அதிகாலை, 24 மாடிகள் கொண்ட அந்தக் குடியிருப்பின் நான்காவது மாடியில் ஒரு சமையலறைக் குளிர்பதனப் பெட்டியில் பிடித்த தீ, 72 உயிர்களைக் கொண்டுபோனது. நடுவில் பாலித்தீன் வைத்த அலுமினியத் தகடுகளை வெளிச்சுவரில் பதித்திருந்தார்கள். அவைதான் தீயை உச்சிவரை ஏற்றின என்பது உலகறிந்த செய்தி. கதவைப் பற்றிய பேச்சு 2018 மார்ச்சில்தான் எழுந்தது, போலீசாரின் சோதனை முடிவை அரசு வெளியிட்ட பிறகு.

அந்தக் கதவு நமக்கும் அந்நியமில்லை. முன்னும் பின்னும் கண்ணாடி இழையும் பிளாஸ்டிக் ரெசினும் கலந்து வார்த்த தோல், உள்ளே நுரை. நம் ஊர்க் குளியலறைகளில் ‘ஃபைபர் கதவு’ என்று மாட்டுகிறோமே, அதற்கு நெருங்கிய உறவு. மழையில் உப்பாது, கரையான் அரிக்காது, எடை குறைவு. தேக்கின் ரேகையைக்கூட அச்சில் பதித்துவிடலாம். இத்தனை நன்மைகள் இருக்கும்போது தீயை யார் நினைக்கிறார்கள்?

சிக்கல் இழையில் இல்லை. கண்ணாடி இழை எரியாது, 800 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் இளகத் தொடங்கும். எரிவது, இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ரெசின். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் 300, 400 டிகிரியிலேயே சிதைந்து, எரியும் வாயுவாகவும் கரும்புகையாகவும் வெளியேறும். அதற்கு வெகு முன்பே, நூறு டிகிரியை ஒட்டியே, தன் விறைப்பை இழந்து தளரும். நம் பாட்டன்மார் சேற்றில் வைக்கோலை மிதித்துச் சுவர் எழுப்பினார்கள். அதில் எரியக்கூடியது நார், எரியாத மண் அதைப் போர்த்திக் காத்தது. ஃபைபர் கதவில் இது தலைகீழ். எரியாத நாரைச் சுற்றி எரியும் பசை.

ஆய்வுக்கூட உலை இரக்கம் காட்டாது. உலகெங்கும் பின்பற்றப்படும் வெப்பக் கணக்கின்படி ஐந்தாவது நிமிடத்தில் 576 டிகிரி, அரை மணியில் 842, ஒரு மணியில் 945. இந்தப் பக்கம் அப்படிக் கொதிக்க, அந்தப் பக்கத்தின் வெப்பம் சராசரியாக 140 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது. தனியாக ஓர் இடத்தில் அந்த உயர்வு 180ஐத் தாண்டினாலும் தோல்விதான். இடுக்கருகே பஞ்சுத் துண்டைப் பிடித்தும் பார்ப்பார்கள், அது பற்றிக்கொண்டால் கதவு தேறவில்லை.

அப்படியானால் இழைக் கலவையே வேண்டாமா? அது அவசர முடிவு. பசையை மாற்றினால் குணமே மாறிவிடுகிறது. லியோ பேக்லேண்ட் 1907இல் உருவாக்கிய பேக்கலைட்டைப் பழைய வீட்டுக் கருப்பு சுவிட்சுகளில் பார்த்திருப்போம். அதே ஃபீனாலிக் குடும்பத்து ரெசின், தீ பட்டால் உருகி ஒழுகாமல் கரியாக இறுகும். அந்தக் கரி உள்ளே இருப்பதற்குப் போர்வையாகிறது, புகையும் குறைவு. நொறுங்கும் தன்மை இருக்கிறது, வார்ப்பதும் சிரமம். ஆனாலும் தீக்கு அஞ்ச வேண்டிய இடங்களில் அதுவே பொருத்தம்.

இன்னொரு வழி ஜிப்சம். அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, படிகத்துக்குள் கட்டுண்ட நீர். தீ அந்த நீரை ஆவியாக்கித் தீர்க்கும்வரை மறுபக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நீர் போன பின் ஜிப்சம் பொடிந்து உதிரப் பார்க்கும், அப்போது இழைகள் அதைத் தாங்கிப் பிடிக்கும். இழையும் பசையும் ஒன்றுக்கொன்று துணை நிற்பது இங்கேதான். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013இல் இத்தகைய கண்ணாடி இழை ஜிப்சம் பலகைகளைக் கொண்டு நான்கு வீடுகள் உள்ள இரண்டடுக்குக் கட்டடத்தை ஒரே மாதத்தில் எழுப்பினார்கள். பலகையின் தடிமன் 124 மில்லிமீட்டர், மூலப்பொருள் உரத்தொழிற்சாலைக் கழிவான ஜிப்சம். மலையெனக் குவிந்து கிடந்த கழிவு, தீயை எதிர்க்கும் சுவராக எழுந்தது பெரிய சாதனை.

கதவுக்கு வந்தால், பலகை மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. நிலை, கீல், பூட்டு, கண்ணாடிச் சட்டம், அடியில் விட்ட இடைவெளி என எல்லாம் சேர்ந்ததுதான் தீத்தடுப்புக் கதவு. ஓரங்களில் கிராஃபைட் கலந்த மெல்லிய பட்டை ஒன்றைப் பதிப்பார்கள். 200 டிகிரி வாக்கில் அது சூட்டு மணலில் பொரி பொரிவதுபோல் உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். சோதனைக்குத் தந்த கதவில் இருந்த பட்டையும் கீலும் கட்டடத்தில் மாட்டிய கதவிலும் இருந்தாக வேண்டும். பிரிட்டனில் சில கலவைக் கதவுகளை ஒரு பக்கம் மட்டுமே சோதித்திருந்ததும் பின்னர் தெரிந்தது. தீ எந்தப் பக்கமிருந்து வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு பக்கச் சான்றிதழ் பாதிச் சான்றிதழ்தான்.

அதைவிட நெஞ்சைச் சுடும் உண்மை ஒன்றை கிரென்ஃபெல் விசாரணை வெளிக்கொண்டுவந்தது. பல வீட்டுக் கதவுகளில் தானாக மூடும் கருவி வேலை செய்யவில்லை, சிலவற்றில் இல்லவே இல்லை. புகை நடைபாதைக்குள் புகுந்தது. எந்த ரெசினும் திறந்து கிடக்கும் கதவைக் காப்பாற்றாது. உயர்ந்த குடியிருப்புகளின் பொதுவழித் தீக்கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது 2023 ஜனவரி முதல் இங்கிலாந்தில் சட்டக் கடமை.

இந்தியாவில் தீக்கதவுகளுக்கு ஐ.எஸ். 3614 என்ற தரநிலை இருக்கிறது. 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டடச் சட்டத் தொகுப்பின் நான்காம் பகுதி முழுவதும் தீப் பாதுகாப்பைப் பற்றியது. அடுக்குமாடியில் வீடு வாங்குபவர்கள் டைல்ஸையும் குழாயையும் விசாரிப்பதுபோல் மாடிப்படிக் கதவையும் விசாரியுங்கள். எத்தனை நிமிடம் தாங்கும், இரு பக்கமும் சோதித்தார்களா, நிலையோடு சேர்த்துச் சோதித்தார்களா என்று கேட்டுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். காற்று வரட்டும் என்று அந்தக் கதவுக்கு யாராவது செங்கல் முட்டுக் கொடுத்திருந்தால், இன்றே அந்தக் கல்லை எடுத்துவிடுங்கள்.