மலையேறிய கம்பிகள் – 9: நூறு மீட்டர்

சென்ற வாரம் ரிங்லெட் அணைக்கட்டில் நிறுத்தியிருந்தேன். 1963-இல் கட்டி முடித்த அந்த அணையின் தண்ணீர், சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் இறங்கி ஜோர் மின்நிலையத்தில் 100 மெகாவாட் வரை தருகிறது. இந்த வாரம் நாம் பேசப்போவது வெறும் 15.4 வாட்டைப் பற்றி.

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது முதல் கேமரன் மலைத் தோட்டங்களின் அமைப்பு பெரிதாக மாறிவிடவில்லை. ஆபீஸ் ஓரிடம், தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஓரிடம், கோயில் வேறொரு சரிவில். ஆபீசுக்கு இணையம் வந்துவிட்டாலும் லயத்துக்கு வைஃபை கொண்டுபோவதுதான் பாடு. வைஃபை பெட்டியைக் கூரையோரம் உயரத்தில் மாட்ட வேண்டும்; அங்கே பிளக் பாயின்ட் ஏது? 230 வோல்ட் இழுக்கப் பதிவுபெற்ற வயர்மேனைத்தான் கூப்பிட வேண்டும்.

இதற்கு 2003-இல் ஒரு தரநிலை வந்தது. தரவு போகும் ஈதர்நெட் கேபிளிலேயே 48 வோல்ட் அளவில் நேர்மின்சாரத்தையும் அனுப்பிவிடலாம். இரண்டும் குழம்பாதா? குழம்பாது. தரவு, முறுக்கிய ஒரு ஜோடியின் இரு கம்பிகளுக்கு இடையிலான வேறுபாடாகப் போகிறது. மின்சாரமோ அந்த இரண்டிலும் சேர்ந்தே ஒரு பக்கமாகப் போய், இன்னொரு ஜோடி வழியாகத் திரும்புகிறது. கேபிளுக்கு மின்சாரம் தரும் நெட்வொர்க் சுவிட்ச், எடுத்த எடுப்பில் அதை விடாது. எதிர்முனையில் 25 கிலோ ஓம் அளவில் ஒரு மின்தடை இருக்கிறதா என்று சிறு அழுத்தத்தில் தட்டிப் பார்க்கும். லயத்துக் கதவைத் தட்டி, ஆள் இருப்பது தெரிந்தபின் உள்ளே நுழைவதைப் போல.

கிளம்பும் 15.4 வாட்டில் போய்ச் சேர்வதற்கு உத்தரவாதம் 12.95 வாட்டுக்குத்தான். மீதி, வழியிலேயே கம்பியைச் சூடாக்கிப் போய்விடும். சின்ன வைஃபை பெட்டிக்கு இது போதும். பெரியதற்கு 2009-இல் வந்த 30 வாட் தரநிலை இருக்கிறது.

தோட்டத்தில் இடிப்பது தூரம். செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். இரு முனைகளிலும் செருகும் துண்டுக் கேபிளும் இந்தக் கணக்கில் சேரும். தேயிலைச் சரிவில் 100 மீட்டர் எம்மாத்திரம்! அதைத் தாண்டினால் ஃபைபர்தான். ஃபைபரில் மின்சாரம் போகாது என்பது குறைதான். லயத்தில் ஏற்கெனவே இருக்கும் மின்சாரத்தில் ஒரு சின்ன சுவிட்சை ஓடவிட்டு, அங்கிருந்து கூரைக்குச் செம்பை இழுத்தால் சரியாகிவிடும். கண்ணாடி இழை மின்னலையும் கடத்தாது. இடி இவ்வளவு விழும் நாட்டில், கட்டடத்துக்குக் கட்டடம் வெட்டவெளியில் செம்பு இழுப்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

மழையும் பனிமூட்டமும் ஓயாத மலை இது. கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்க விடுங்கள்; கம்பி வழியே வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மலிவுக் கேபிள்தான் எனக்குப் பெரிய எரிச்சல். செம்பு முலாம் பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். தரவு போகும், பெட்டி மட்டும் அடிக்கடி அணைந்து எழும். வாங்குமுன் கம்பி முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

(தொடரும்)