'சிஸ்டம் ஆன் ஆகல' என்றால் எது ஆகவில்லை?

போடிநாயக்கனூரிலும் மேலே ஏலமலைச் சரிவுகளிலும் பணியாற்றும் ஆசிரிய நண்பர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் அழைப்பு ஒன்றுதான்: "சார், சிஸ்டம் ஆன் ஆகல." எமிஸ் பதிவை முடிக்க வேண்டிய நாளிலோ, வினாத்தாள் அச்செடுக்க வேண்டிய காலையிலோதான் அது பெரும்பாலும் வரும். நான் கணினி ஆசிரியர் அல்ல; அறிவியல் பாடம் எடுப்பவன். ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன என்பதைப் புரிந்துகொண்ட பிறகு, பாதி அழைப்புகளுக்குத் தொலைபேசியிலேயே வழி சொல்ல முடிகிறது.

பொத்தானை அழுத்தியதும் நடப்பது தொடர் ஓட்டம் போன்றது. எஸ்எம்பிஎஸ் என்னும் மின்பெட்டி 230 வோல்ட்டை வாங்கி, 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றி மதர்போர்டுக்குக் கொடுக்கிறது. மதர்போர்டு தன் நினைவகத்தையும் மற்ற உறுப்புகளையும் சோதித்துப் பார்க்கிறது. பிறகு வன்தட்டைத் தேடுகிறது. கடைசியாக விண்டோஸ் ஓடத் தொடங்குகிறது. குச்சி யார் கையில் இருந்தபோது விழுந்தது என்பதைக் கண்டுபிடித்தால் போதும். அதனால் நான் கேட்பது மூன்றே கேள்விகள்: விளக்கு எரிகிறதா? விசிறி சுற்றுகிறதா? திரையில் ஏதாவது எழுத்து வந்ததா?

மூன்றுக்கும் 'இல்லை' என்றால் கணினியைச் சந்தேகிக்கவே வேண்டாம். அதே பிளக்கில் கைப்பேசி சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அடுத்து யுபிஎஸ். அதனுள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பேட்டரி செத்த யுபிஎஸ் பல நேரம் மின்சாரம் இருந்தாலும் இயங்காது. கணினியை நேராகச் சுவர் பிளக்கில் இணைத்தால் உண்மை தெரிந்துவிடும். வகுப்பறையைப் பெருக்கும்போது மேசையை நகர்த்தியதில் பின்பக்க வயர் தளர்ந்திருப்பதும் உண்டு. எல்லாம் சரியாக இருந்தும் உயிர் வரவில்லையா? வயரைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி இணையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டியிருக்கலாம். அதை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. வயரைக் கழற்றிய பிறகும் அதிலுள்ள மின்தேக்கிகள் ஆபத்தான மின்னூட்டத்தை வைத்திருக்கும்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு என்பதுதான் நம் பக்கத்துக்கே உரிய கோளாறு. திரையில் 'நோ சிக்னல்' என்று வந்தால் மானிட்டர் நலமாக இருக்கிறது என்று பொருள். இணைப்பு வயரை இரு முனையிலும் அழுத்திவிட்டு, ரேம் பக்கம் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் மேட்டுப் பகுதியில் மூடுபனியுமாக இருக்கும். சன்னல் திறக்காத அறையில் தூசியும் ஈரமும் சேர்ந்து ரேமின் பொன்னிற விளிம்பில் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. தொடர்பு அறுந்துபோகிறது. உலர்த்திய ஏலக்காயில் ஈரம் ஏறாமல் காக்கத் தெரிந்த ஊர் இது. கணினி அறையை மட்டும் ஏன் பூட்டியே வைக்கிறோமோ தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உத்தரவாதக் காலத்தில் உள்ள, முத்திரை ஒட்டிய கணினிகளைத் திறக்காதீர்கள். மற்றவற்றில், வயரைக் கழற்றிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னூட்டத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். ரேமின் இருபுறக் கொக்கிகளை விலக்கி அதை மேலே எடுத்து, பொன்னிற விளிம்பை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் கெட்டது எது என்று தெரியும். தொடர்ந்து 'பீப்' ஒலி கேட்பதும் பெரும்பாலும் ரேமைத்தான் குறிக்கும். ஆனால் எத்தனை ஒலிக்கு என்ன பொருள் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

கோடை விடுமுறை முடிந்த ஜூன் மாதத்துக்கென்றே ஒரு கோளாறு உண்டு. கணினி எழும், ஆனால் எஃப்1 விசையை அழுத்தச் சொல்லி நிற்கும். அழுத்தினால் விண்டோஸ் வந்துவிடும். இணையம் இருந்தும் எமிஸ் தளம் மட்டும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று சொல்லித் திறக்க மறுக்கும். நெட்வொர்க்கைத் திட்டுவதற்கு முன் திரையின் கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு. கணினியின் நாட்காட்டி தவறினால் அந்தச் சான்றிதழ் செல்லாது. காரணம், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மாற்றுவதற்கு முன் பயாஸ் அமைப்புத் திரைகளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை எடுத்ததும் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பி, சில கணினிகளில் விண்டோஸ் வராமல் போகலாம்.

'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால் முதலில் செருகியிருக்கும் பென்டிரைவை உருவுங்கள். சிரிக்க வேண்டாம், பலமுறை அதுதான். வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்று ஒலி வந்தால் மட்டும் மறுபடி மறுபடி ஆன் செய்யாமல் உடனே நிறுத்திவிடுங்கள்.

விண்டோஸ் சின்னம் வரை வந்து திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகும் கணினிக்குப் பழுது பார்ப்பவர் சொல்லும் மருந்து, "ஃபார்மட் பண்ணிடலாம்." இங்கே நாம் பிடிவாதமாக இருக்க வேண்டும். நம்மில் பலர் மதிப்பெண் பட்டியல், உதவித்தொகை விவரம், பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே வைத்திருக்கிறோம். டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில். ஃபார்மட்டில் முதலில் அழிவது அதுதான். வன்தட்டு நலமாக இருந்தால், உபுண்டு போன்ற லினக்ஸை ஏற்றிய ஒரு 8 ஜிபி பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, கோப்புகளை வெளியே நகலெடுத்துவிடலாம். விலையில்லா மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திரை புதிதாக இருக்காது. நகலெடுத்த பிறகு ஃபார்மட் செய்யட்டும்.

போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்கள் இயங்குகின்றன. கணினி வன்பொருளும் அவர்கள் பழகும் பாடங்களில் ஒன்று. வயரைக் கழற்றிய பெட்டியில் ரேமைத் துடைப்பதை நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் அழகாகச் செய்வார்கள். மின்சுற்றுப் பாடத்துக்கு அதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியாது.

இவ்வளவுக்கும் சரியாகாவிட்டால் புகார் எழுதத்தான் வேண்டும். அதில் 'கணினி பழுது' என்று மட்டும் எழுதினால், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் பணியாளர் பார்த்துவிட்டு, உதிரிபாகம் எடுத்து வருவதாகச் சொல்லி இறங்கிவிடுவார். 'விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு, தொடர் பீப் ஒலி, ரேமைத் துடைத்துப் போட்டாயிற்று' என்று எழுதிப் பாருங்கள். புதிய ரேமைக் கையோடு கொண்டுவருவார்.