ஒன்பது நாட்களில் ஒரு சங்கம்

சங்கம் ஆரம்பிப்பது எளிது. பெயர்ப் பலகை எழுதி, தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் என்று மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, ரசீதுப் புத்தகமும் அச்சடித்துவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் ஆறு மாதம் கழித்துக் கூட்டம் போட்டால், அந்த மூன்று பேரும் மேடையில் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே நாற்காலிகள் காலியாக இருக்கும். வக்கீல்கள் சங்கமானாலும் சரி, ஆசிரியர் சங்கமானாலும் சரி, பயிற்சியாளர் சங்கமானாலும் சரி, நிர்வாகிகள் சொல்லும் குறை ஒன்றே: சந்தா வருகிறது, ஆள் வருவதில்லை!

இந்த நோய்க்கு மருந்து தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. தூத்துக்குடி வரை போனால் போதும்.

கயிறு பிடிப்பவர்

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு உலகப் பிரசித்தி பெற்றது. கடைசியாக 1961-ல் நடந்தது. குளியாளி கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிஷ நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பிகளை வாரிப் பையில் போடுவார். கயிற்றை அசைத்ததும் மேலே தோணியில் இருப்பவர் அவரை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கணம் கவனம் பிசகினாலும் உயிருக்கு ஆபத்து. அதனால்தான், கயிறு பிடிக்க மைத்துனனையே வைத்துக்கொள்வார்கள் என்று அந்தக் கரையில் சொல்வதுண்டு. தங்கை தாலியின் மேல் அக்கறை உள்ளவன் அல்லவா?

தோணியில் சும்மா வேடிக்கை பார்ப்பவருக்கு இடமே இல்லை. எல்லார் கையிலும் ஏதாவது ஒரு கயிறு இருக்கும். ஒரு சங்கத்துக்கும் இதுதான் இலக்கணம். இதே ஊரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள் இதை நன்றாக விளக்கும். இரண்டிலும் முன்னின்றவர் ஒருவரே. கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளைதான் அவர்.

ரூ.25-க்கு ஒரு பங்கு

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அந்நாளில் கப்பல் விட்டு லாபம் பார்த்தது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அதற்குப் போட்டியாக 1906 அக்டோபர் 16-ஆம் தேதி சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் ரூ.10 லட்சம். பங்கு ஒன்றுக்கு ரூ.25 வீதம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்காக ரூ.2 லட்சம் கொடுத்தார். பிள்ளையவர்கள் ஊர் ஊராக அலைந்து பங்கு சேர்த்தார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஊரே திரண்டு மகிழ்ந்தது.

வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி, கையில் ஒரு குடையும் கொடுத்தது! அப்படியும் எத்தனையோ பேர் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலிலேயே ஏறினார்கள். வியாபாரிகள் தங்கள் சரக்கைச் சுதேசிக் கப்பலுக்கே கொடுத்தார்கள். இவர்களில் பலர் கம்பெனியின் பங்குதாரர்கள்கூட இல்லை. ஆனால் கம்பெனியைத் தாங்கிப் பிடித்தவர்களில் இவர்களும் உண்டு.

ஆலை நின்றது

அடுத்த சம்பவம் 1908-ல் நடந்தது. ஹார்வி கம்பெனியார் நிர்வகித்த கோரல் மில்லில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். கூலி சொற்பம், வேலை நேரமோ அதிகம். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வுகூடக் கிடையாது. சிறு பிள்ளைகளும் ஆலையில் உழைத்தார்கள். அவர்களுக்குச் சங்கம் என்று ஒன்று இல்லை. தொழிற்சங்கச் சட்டம் வந்ததே 1926-ல்தான். சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதுகூட 1918-ல்தான்.

அந்தப் பிப்ரவரி மாதம் பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரையில் இடைவிடாமல் கூட்டம் நடத்தினார்கள். தேச விடுதலையைப் பற்றிப் பேசிய அதே மேடையில், ஆலைத் தொழிலாளியின் கூலியைப் பற்றியும் ஓய்வு நாளைப் பற்றியும் பேசினார்கள். கேட்டவனுக்கு, இது தன் வீட்டு விஷயம் என்பது விளங்கியது. பிப்ரவரி 27-ஆம் தேதி ஆலை நின்றது.

நின்ற ஆலையை நிற்கவைப்பதுதான் கஷ்டம். அன்றாடக் கூலிக்காரர் வீட்டில் எத்தனை நாள் அடுப்பெரியாமல் இருக்க முடியும்? இங்கேதான் ஊர் கை கொடுத்தது. பொதுமக்கள் பணமும் அரிசியும் கொடுத்தார்கள். பிள்ளையவர்கள் தம் கைப்பொருளையும் செலவிட்டார். சிலருக்கு ஊருக்குள்ளேயே வேறு வேலை பார்த்துக் கொடுத்தார்கள். ஆலைக்குள் கால் வைத்தே அறியாத நாவிதர், சலவைத் தொழிலாளர், வண்டிக்காரர் எல்லாரும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். வேலைநிறுத்தத்தைக் குறைவாகப் பேசிய ஒரு வக்கீலுக்கு நாவிதர் பாதிச் சவரத்தோடு கத்தியை மடக்கிவிட்டார் என்றும், மீதிச் சவரத்துக்கு ஊரில் வேறு ஆள் கிடைக்காமல் அவர் திண்டாடினார் என்றும் இன்றைக்கும் கதை சொல்லிச் சிரிப்பார்கள்.

கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேசத் தயார் என்று சொல்லி அனுப்பியது. சுமார் 50 தொழிலாளர்கள் பேசப் போனார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை ஆகியவற்றுக்கு நிர்வாகம் இணங்கியது. ஒன்பது நாட்களில் வெற்றி! இதைக் கண்டு வேறு ஐரோப்பியக் கம்பெனிகளும் தங்கள் ஆட்களுக்குக் கூலியை உயர்த்தின.

தலைவர் சிறைக்குப் போனபோது

அதே மார்ச் மாதம் 12-ஆம் தேதி பிள்ளையவர்களும் சிவாவும் கைதானார்கள். உண்மையான சோதனை இப்போதுதான் வந்தது.

கோரல் மில் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? அழைக்கத் தலைவர் இல்லை, ஆணையிட ஆபீஸ் இல்லை. ஆனாலும் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இம்முறை கேட்டது கூலி உயர்வு அல்ல; தங்களுக்காக நின்றவருக்காக அவர்கள் நின்றார்கள். நகரத்தின் மற்றத் தொழிலாளர்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

கப்பல் கம்பெனியின் கதையோ வேறுவிதமாக முடிந்தது. சர்க்காரின் கெடுபிடியும் கட்டணப் போட்டியும் அதை ஏற்கெனவே வாட்டியிருந்தன. ஓடி ஆடி உழைத்தவர் உள்ளே போனதும் தளர்ச்சி கண்டது. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் போட்டியாளர் கைக்குப் போயின. 1912 டிசம்பரில் பிள்ளையவர்கள் விடுதலையாகி வந்தபோது, அவர் விட்ட கப்பல் கடலில் இல்லை.

பங்கு வாங்கியவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. ஏகாதிபத்தியத்தை எதிர்த்து ஒரு கம்பெனி எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? ஆனாலும் ஒரு வித்தியாசம் கண்ணில் படாமல் போகாது. பங்குதாரர் பணத்தைக் கொடுத்தார். பாரத்தை ஒருவரிடம் விட்டுவிட்டார். ஆலைத் தொழிலாளி பணம் கொடுக்கவில்லை. ஆனால் பாரத்தில் ஒரு பங்கைத் தானே சுமந்தான். சுமந்தவனுக்குத்தான் அது தன்னுடையது என்ற உணர்வு வந்தது.

இன்றைய சங்கங்களுக்கு

தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய பெயரைச் சொல்லாத தமிழர் இல்லை. ஆனால் அந்த ஒன்பது நாட்கள் கற்றுக்கொடுத்த பாடத்தை எத்தனை சங்கங்கள் ஞாபகம் வைத்திருக்கின்றன?

அங்கத்தினர் வருவதில்லை என்று வருந்தும் நிர்வாகிகள் தங்களையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். அங்கத்தினருடைய சொந்தக் கஷ்டம் எது என்று விசாரித்தது உண்டா? கோரல் மில்காரருக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இளம் பயிற்சியாளருக்கு அது, மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து தன் வேலையைப் பார்த்துத் திருத்துவதாக இருக்கலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு ரசீதோடு ஒரு வேலையும் கொடுத்தார்களா? அடிக்கடி கூடிப் பேச ஓர் இடம் உண்டா? அல்லது ஆண்டுக்கு ஒரு முறை மாலை மரியாதையோடு சரியா? வெளியே பேசப் போகும்போது தலைவர் மட்டும் போகிறாரா, அங்கத்தினர்களும் போகிறார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, நாளைக்கே தலைவர் இல்லாமல் போனால் மறுநாள் கூட்டம் நடக்குமா?

கடைசிக் கேள்விக்கு, நடக்கும் என்று தயங்காமல் பதில் சொல்ல முடிந்தால் அந்தச் சங்கத்துக்குப் பெயர்ப் பலகைகூடத் தேவையில்லை. கோரல் மில் தொழிலாளர்களுக்கும் அது இருக்கவில்லை.