நம் தட்டும் நாயின் உடலும்

வீட்டு நாய்க்கென்று தனியாகச் சமைக்கும் வழக்கம் நம்மில் குறைவு. மீந்த சாம்பார் சோறு, கறிக்குழம்பின் அடி, பிரியாணி எலும்பு, பிள்ளைகள் பாதி கடித்து வைத்த சாக்லேட் எல்லாம் அதன் தட்டுக்குப் போகும். நாம் சாப்பிடுவதுதானே, அதற்கு என்ன ஆகிவிடப் போகிறது என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. அன்பில் பிறந்த எண்ணம்தான். ஆனால் உடலின் வேதியியல் அதை ஏற்பதில்லை. ஒரு பொருள் உணவாவதும் நஞ்சாவதும், உண்பவரின் கல்லீரலும் சிறுநீரகமும் ரத்த அணுக்களும் அதை எப்படிக் கையாள்கின்றன என்பதைப் பொறுத்தது. நமக்கு ஒத்துக்கொள்கிறது என்பது நாய்க்குச் சான்றாகாது.

சாக்லேட்டின் கணக்கு தெளிவானது. கோகோவில் உள்ள தியோபுரோமினை நம் உடல் ஏறத்தாழ 7 முதல் 10 மணி நேரத்தில் பாதியாகக் குறைத்துவிடும். நாய்க்கு அதே வேலைக்கு 17 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குள் இன்னொரு துண்டு உள்ளே போனால் முந்தையதோடு சேர்ந்துகொள்ளும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமின் சேர்ந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாத ஓட்டம். 40ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60ஐ எட்டினால் வலிப்பு வரலாம். 5 கிலோ பொமரேனியன் முதல் எல்லையைத் தொட 50 கிராம் மில்க் சாக்லேட் போதும். கேக்குக்குப் போடும் இனிப்பில்லாத கசப்பு சாக்லேட் என்றால் 7 கிராமே அதிகம். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம்மிலும் சில மிட்டாய்களிலும் உள்ள சைலிட்டால் இன்னும் வேகமானது. அது நம் உடலில் இன்சுலினைப் பெரிதாகத் தூண்டாது; அதனால்தான் நீரிழிவு உள்ளவர்களுக்கான பண்டங்களில் அதைச் சேர்க்கிறார்கள். நாயின் கணையமோ அதைக் கண்டதும் இன்சுலினைக் கொட்டுகிறது. கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், ரத்தச் சர்க்கரை சரிந்து நாய் தள்ளாடி விழும்.

இவ்விரண்டும் இல்லாத வீடுகள் உண்டு. வெங்காயம் இல்லாத வீடு அரிது. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினைச் சிதைக்கின்றன. சிதைந்தது திரண்டு அணுவின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சொட்டு ரத்தத்துக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் ஓரத்தில் சிறு புடைப்பாகத் தெரியும். ஹைன்ஸ் துகள் என்று பெயர். அப்படிப்பட்ட அணுக்களை உடலே அழித்துவிடுகிறது. வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடித்தாலும் இந்த நச்சு போகாது. ஒரே வேளையில் உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் போனால் பாதிப்பு வரும் என்கிறது கால்நடை மருத்துவம்: 10 கிலோ நாய்க்கு 50 கிராம், நடுத்தர வெங்காயத்தில் பாதி. இதில் கொடுமை, அறிகுறி தாமதமாக வருவது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மசாலாவையும் வெங்காயப் பச்சடியையும் வழித்துத் தின்ற நாய் அன்று முழுக்க வாலாட்டிக்கொண்டிருக்கும். புதனோ வியாழனோ ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போகும். ஞாயிற்றுக்கிழமை அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

திராட்சையின் கதை நம் சமையலறைக்குள்ளேயே வந்து முடிகிறது. திராட்சையும் உலர்திராட்சையும் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதை அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவர்கள் கவனித்து 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. பூச்சிமருந்தா, பூஞ்சை நச்சா என்று தேடியும் காரணம் பிடிபடவில்லை. ஒரு நாய் கிண்ணம் நிறையத் தின்றும் நன்றாக இருக்கும். இன்னொன்று சில பழங்களிலேயே படுத்துவிடும். துப்பு கிடைத்தது, குழந்தைகள் விளையாட வீட்டில் பிசைந்த மாவிலிருந்து. அதைத் தின்ற நாய்க்கும் அதே சிறுநீரகச் சேதம். அந்த மாவில் பேக்கரிகளில் பயன்படும் கிரீம் ஆஃப் டார்ட்டர் இருந்தது. அது டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு. திராட்சையிலும் இருப்பது அதே அமிலம். ரகத்துக்கும் பழுத்த பக்குவத்துக்கும் ஏற்ப அதன் அளவு மாறுவதால், நாய்க்கு நாய் விளைவு வேறுபட்ட புதிருக்கும் விடை கிடைத்தது. 2021இல் இந்தக் கருத்தை வெளியிட்ட அவர்கள் பின்னர் புளி தின்று பாதிக்கப்பட்ட நாய்களையும் பதிவு செய்தார்கள். திராட்சையில் இந்த அமிலம் 2 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. புளியில் 10 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். நம் சிறுநீரகச் செல்களில் இத்தகைய அமிலத்தை வெளியேற்றும் புரதங்கள் உண்டு, நாயில் அந்த ஏற்பாடு போதாததால் அமிலம் செல்லுக்குள் தேங்கி அதைக் கொல்கிறது என்பது இப்போதைய விளக்கம்.

ரசம் சோறு தின்றே நம் ஊர் நாய்கள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தன என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பேச்சுதான். நீர்த்த ரசத்தில் அமிலம் குறைவு. ஒரு கவளம் தின்ற நாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. புளிக்காய்ச்சல், பிழிந்து போட்ட சக்கை, புளி மிட்டாய் ஆகியவற்றில்தான் பயம். ஆனால் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதை அப்படியே நம்பவும் முடியாது. சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போன பிறகே வெளியில் அறிகுறி தெரியும். தெருநாய் எதைத் தின்று செத்தது என்று யாரும் அறுத்துப் பார்ப்பதில்லை. நம் கண்ணில் படுபவை பிழைத்த நாய்கள் மட்டுமே.

பல்லாயிரம் ஆண்டு நம்மோடு வாழ்ந்த விலங்கு நம் உணவுக்குப் பழகியிருக்காதா என்றும் கேட்கலாம். ஓரளவு பழகியிருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமிலேஸ் மரபணு ஓநாயில் இரண்டு பிரதிகளும், நாயில் 4 முதல் 30 பிரதிகள் வரையும் இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். நாய் சோற்றை நன்றாகச் செரிப்பது இதனால்தான். ஆனால் அப்படி ஒரு மாற்றம் வேரூன்ற, அந்த உணவு எண்ணற்ற தலைமுறைகளுக்கு அன்றாடம் கிடைத்திருக்க வேண்டும். சாக்லேட்டும் சைலிட்டாலும் நேற்று வந்தவை.

ஆகவே பாக்கெட் உணவுதான் வழி என்பதில்லை. அதை வாங்க எல்லோராலும் முடியாது. வெங்காயமும் புளியும் சேர்வதற்கு முன் எடுத்து வைத்த சோறு, வெந்த பருப்பு, மசாலா படாத எலும்பில்லாக் கறி, அவித்த முட்டை ஆகியவற்றைத் தாராளமாகப் போடலாம். ஆகாததைத் தின்றுவிட்டது தெரிந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் கால்நடை மருத்துவரால் பெரும்பாலும் வாந்தி எடுக்க வைக்க முடியும். உப்புக் கரைசலை நாமே வாயில் ஊற்றக் கூடாது. அந்த உப்பே உயிரை வாங்கிவிடலாம். நாயின் எடை, தின்ற பொருள், அளவு, நேரம் நான்கையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பொருளின் உறை கிடந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.