வாய்ப்பேச்சும் காணி உறுதியும்

காப்பையும் மாலையையும் விற்றுக் காணிக்கு முற்பணம் கொடுத்துவிட்டு, "மச்சான் முறைதானே, எழுத்து எதற்கு?" என்று இருந்துவிடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

ஒருவர் சொல்ல மற்றவர் ஏற்றால் ஒப்பந்தம் உண்டாகிறது. ஈஜாப், கபூல் என்று மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பதும் இதைத்தான். கடையில் அரிசி வாங்க இது போதும். காணிக்குப் போதாது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நமது நாட்டில் நடைமுறையில் உள்ளது. காணியை விற்பது மட்டுமல்ல, விற்பதாக வாக்களிப்பதும் எழுத்தில் இருக்கவேண்டும். நொத்தாரிசு ஒருவரினதும் குறைந்தது இரண்டு சாட்சிகளினதும் முன்னிலையில் கையொப்பமிடவேண்டும். இல்லையேல் அது சட்டத்தில் செல்லாது. வெறும் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு, கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்காடலாம். காணியைக் கேட்க முடியாது. பணம் திரும்பி வருவதற்குள் காணி விலை எங்கேயோ ஏறிவிட்டிருக்கும்.

எழுதக் கேட்பது நம்பிக்கையீனம் என்று சிலர் முகம் சுளிப்பர். குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதிவைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியதுதான்.

முற்பணம் கொடுக்குமுன், அக்காணி ஈடு வைக்கப்பட்டுள்ளதா என்று காணிப் பதிவகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். விற்றது உங்கள் நகையென்றால், உறுதியில் யாருடைய பெயர் எழுதப்படுகிறது என்பதையும் கேளுங்கள்.