மரை இறுக்கும், கசிவை அடைப்பது எது?

அம்பாசடர் காரில் பெட்ரோல் டாங்க் பின்னால், எஞ்சின் முன்னால். இடையே ஓடுவது மெல்லிய இரும்புக் குழாய். 2014-இல் உற்பத்தி நின்ற இந்தக் காரை நாகர்கோவில் பக்கம் வைத்திருப்பவர்கள் அந்தக் குழாயை அடிக்கடி பார்க்க வேண்டும். உப்புக் காற்று இரும்பை விரைவாக அரிக்கும்.

புதுக் குழாயை பிளேர் முறையில் இணைக்கும்போது கசிவைத் தடுப்பது மரை அல்ல. குழாயின் நுனியைப் புனல்போல் விரிக்கிறார்கள். நட்டை இறுக்கினால் அந்த வாய் எதிரிலுள்ள கூம்பில் அழுந்திப் படிகிறது. மரை தருவது அழுத்தம் மட்டுமே. அதனால் டெஃப்லான் டேப் வேண்டாம். பிய்ந்த துணுக்கு கார்புரேட்டரை அடைக்கலாம்.

இரும்பின் விளிம்பு விரியும்போது வெடிக்கக்கூடும். நுனியை உள்மடித்து இரட்டையாக விரிப்பது நல்லது. வெட்டியதும் பிசிறை நீக்கி, விரிக்கும் முன்பே நட்டைக் கோத்துவிடுங்கள். முதலில் கையால் மரையேற்றுங்கள். பிறகு இரண்டு ஸ்பானர் பிடித்து இறுக்கினால் குழாய் முறுகாது.