வயர்லெஸ் டிரைவில் பேக்கப்: முதல் முறை கேபிளில்!

ஹார்ட் டிஸ்க் பழுதானால் புதிது வாங்கலாம். அதிலிருந்த குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை வாங்க முடியுமா? ரௌட்டருடன் இணையும் நெட்வொர்க் டிரைவ் ஒன்று இருந்தால், வீட்டிலுள்ள எல்லா கம்ப்யூட்டர்களின் பைல்களையும் வயர்லெஸ் வழியே அதில் பேக்கப் எடுக்கலாம். ஆனால் முதல் பேக்கப்பை மட்டும் கம்ப்யூட்டரை ரௌட்டருடன் கேபிளால் இணைத்து எடுங்கள். வயர்லெஸ்ஸில் விநாடிக்கு 10 மெகாபைட் வேகம் கிடைத்தால், 200 ஜிபி செல்ல ஐந்தரை மணி நேரம் ஆகும். கிகாபிட் கேபிளில் 100 மெகாபைட் கிடைத்தால் சுமார் அரை மணி நேரம்தான்.

விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களில் கண்ட்ரோல் பேனலில் பைல் ஹிஸ்டரி சென்று, இந்த டிரைவைத் தேர்ந்தெடுத்து இயக்குங்கள். பிறகு புதிய, மாறிய பைல்கள் மட்டுமே செல்லும். அதற்கு வயர்லெஸ் போதும். மாதம் ஒருமுறை ஒரு படத்தை டிரைவிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்!